மாறும் விதிகளும் மாளும் வழக்குகளும்

சட்டத்தை அறியேன் என்று சொல்வது எவரையும் காப்பாற்றாது என்பது நீதிமன்றங்கள் நெடுங்காலமாகக் கொண்டுள்ள கோட்பாடு. பண்டிதனும் பாமரனும் இக்கோட்பாட்டின் முன் ஒன்றே. ஆனால் அந்தச் சட்டத்தை எவருக்கு, எம்மொழியில், எப்பொழுது அறிவித்தீர்கள் என்று ஆட்சியாளரைத் திருப்பிக் கேட்கும் கோட்பாடொன்று நம் நாட்டில் இன்னும் வேரூன்றவில்லை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள பள்ளத்திலேதான் ஏழை மக்கள் பலரின் காணியும் வீடும் சீதனமும் வீழ்ந்து மறைந்திருக்கின்றன.

வழக்கொன்று தோற்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. நியாயம் மறுபக்கம் இருந்தமையால் தோற்பது ஒன்று. அதில் மனம் ஆறுதற்கு இடமுண்டு. நியாயம் தன் பக்கம் இருந்தும், மனு ஒருநாள் பிந்திற்று, பிணைப்பத்திரம் உரிய வடிவில் இல்லை, பிரதிகளுக்கு விண்ணப்பிக்கவில்லை, எதிர்வாதிக்குரிய அறிவித்தல் மனுவோடு ஒப்படைக்கப்படவில்லை என்பன போன்ற காரணங்களால் தோற்பது மற்றையது. இரண்டாவது வகைத் தோல்வியில் நீதிபதி வழக்கின் உள்ளே நுழைவதே இல்லை. வழக்கு வாசற்படியிலேயே மாண்டுவிடுகின்றது.

வாசற்படி விதிகளை அறிந்திருத்தல் சட்டத்தரணியின் கடமை என்பதில் ஐயமில்லை. அதற்காகவே கட்சிக்காரர் அவரை நாடுகின்றார். ஆனால் அவ்விதிகள் அடிக்கடி மாறுவன. மாறிய விதியைச் சட்டத்தரணிக்கு அறிவிக்கும் பொறுப்பு யாருடையது? அவர் அறியாதுபோனால் அதன் விலையைக் கொடுப்பவர் யார்? இவ்விரு வினாக்களையும் ஈழத்து நீதிமன்ற வரலாற்றின் ஒளியில் நோக்குவதே நம் கருத்து.

கேட்டு எழுதிய சட்டமும் கேளாது இட்ட சட்டமும்

யாழ்ப்பாணத்து வழக்காறுகளை ஒல்லாந்தர் தொகுத்தபொழுது கைக்கொண்ட முறை நம் கவனத்துக்குரியது. கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி எழுதிய தேசவழமைத் தொகுப்பு, 1707ஆம் ஆண்டில் தமிழில் பெயர்க்கப்பட்டு, 12 தமிழ் முதலியார்களின் பார்வைக்கு வைக்கப்பட்டது. அவர்கள் படித்து ஏற்ற பின்னரே அது நீதிமன்றங்களுக்கு வழிகாட்டியாயிற்று. பின்னர் ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதனைச் சட்டமாக ஏற்றனர்.

இதனை நாம் பொற்காலமாகப் போற்றப் புகவில்லை. கேட்கப்பட்ட பன்னிருவரும் நிலவுடைமையாளரின் குரலாக விளங்கியவர்கள். அத்தொகுப்பிலேயே அடிமைகளைப் பற்றிய பகுதி ஒன்றுண்டு. அடிமைகளாக எண்ணப்பட்ட மக்களுள் ஒருவரையேனும் அழைத்து, இது சரியா என்று எவரும் கேட்டதில்லை. 1844ஆம் ஆண்டில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை அப்பகுதி உயிரோடிருந்தது. ஆயினும் ஓர் உண்மை எஞ்சுகின்றது. சட்டமாகப் போகின்ற ஒன்றை மக்களின் மொழியில் பெயர்த்து, அதற்கு உட்படப் போகின்றவர்களுள் சிலருக்கேனும் காட்டவேண்டும் என்னும் எண்ணம் அந்நிய வணிகக் கும்பனி ஒன்றுக்கே தோன்றியிருந்தது.

ஆங்கிலேய ஆட்சி வேறொரு முறையைக் கொண்டுவந்தது. 1802ஆம் ஆண்டு மார்ச்சு 15ஆம் நாள் முதலாவது அரசாங்க வர்த்தமானி கொழும்பில் வெளியாயிற்று. அன்றுதொட்டு, வர்த்தமானியில் அச்சாகிய ஒன்று நாடு முழுவதும் அறிந்த ஒன்றாகக் கொள்ளப்படும் வழக்கம் வளர்ந்தது. ஆட்சிக்கு இது மிக வசதியான ஏற்பாடு. அறிவித்தல் என்பது அச்சுக்கூடத்தின் வேலையாக முடிந்துவிடுகின்றது. அறிதல் என்பது தனித்தனி மனிதரின் தலைச்சுமையாகிவிடுகின்றது.

பத்து நாட்களின் கொடுமை

இன்றுவரை நம் குடியியல் வழக்குகளின் முதுகெலும்பாக விளங்குவது 1889ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை. இந்தியாவில் 1882ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட கோவையைத் தழுவி இது ஆங்கிலத்தில் ஆக்கப்பட்டது. மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து மேன்முறையீடு செய்ய அது அளித்த காலம் 10 நாட்கள். ஏனையவற்றுக்கு 7 நாட்கள். தீர்ப்பு நாளும் மனுக்கொடுக்கும் நாளும் ஞாயிற்றுக்கிழமைகளும் பகிரங்க விடுமுறைகளும் இக்கணக்கில் சேரா.

மனுக் கொடுத்தவுடன் எதிர்த்தரப்புக்குத் தாமதமின்றி அறிவித்தல் கொடுக்கவேண்டும். அதன் செலவுக்குப் பிணை வைக்கவேண்டும். 'தாமதமின்றி' என்ற அந்த ஒரு சொல்லின் பொருளைத் தேடி உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புகள் பல. அச்சொல்லின்மேல் தடுக்கி வீழ்ந்த மேன்முறையீடுகளும் பல. தவறியவர்க்கு நீதிமன்றம் நிவாரணம் அளிக்க இடந்தரும் ஏற்பாடு பின்னர்த்தான் சேர்க்கப்பட்டது.

1938ஆம் ஆண்டின் குடியியல் மேன்முறையீட்டு விதிகள் இன்னொரு பொறியை வைத்தன. வழக்கேட்டின் தட்டச்சுப் பிரதிகளுக்கு விதிப்படி விண்ணப்பிக்கத் தவறினால், மேன்முறையீடு தானாகவே அற்றுப்போனதாகக் கொள்ளப்படும். நீதிபதி தள்ளுபடி செய்ய வேண்டுவதுகூட இல்லை. மகளுக்குச் சீதனமாக எழுதிய காணியைக் காக்க வந்த ஒரு தந்தை, தட்டச்சு விண்ணப்பம் ஒன்று கொடுபடாமையால் தன் காணியை இழக்கலாம் என்பதே இவ்விதியின் நேர்ப்பொருள்.

இத்தகைய பொறிகளை அறிந்திருந்தவர் யார்? அக்காலத்தில் வழக்குத்தொழில் இரு பிரிவாக இருந்தது. அப்புக்காத்து மன்றில் நின்று வாதித்தார். பிரக்கிராசி கட்சிக்காரரைக் கண்டு, பத்திரங்களை ஆக்கி, நாட்களை எண்ணி, தவணை தவறாது மனுவைச் சேர்ப்பித்தார். விதிகளின் நுணுக்கம் பெரும்பாலும் பிரக்கிராசியின் கந்தோரிலேயே வாழ்ந்தது. அங்கும் பெரும்பகுதி அவருடைய பழைய எழுதுவினைஞரின் நினைவிலேயே வாழ்ந்தது. எந்த மேசையில் எந்தக் கடதாசியை எத்தனை மணிக்குமுன் கொடுக்கவேண்டும் என்பதை அவ்வெழுதுவினைஞர் சொல்ல, கற்றோர் கேட்டு நடந்தனர்.

விதி மாறாதிருக்கும் வரை இவ்வகை அறிவு போதுமானதே. மாறும்பொழுதோ தலைமுறை அறிவே தடையாகிவிடும். முன்பு செய்தது போலச் செய்வதே பிழையாகிவிடும். அப்பொழுது துணைசெய்ய வேண்டியவை அச்சிட்ட அறிக்கைகள். நம் உயர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தாங்கிய 'புதிய சட்ட அறிக்கைகள்' 80 தொகுதிகளாக வெளிவந்தன. அத்தனையும் ஆங்கிலம். அத்தொகுதிகளை வரிசையாக அடுக்கி வைக்கும் வசதி கொழும்பில் பெருவழக்குகள் நடத்திய அப்புக்காத்துமாருக்கு இருந்தது. மன்னாரிலோ மட்டக்களப்பிலோ சிறுகாணி வழக்கு நடத்திய பிரக்கிராசிக்கு அது எளிதில் கிட்டக்கூடியதன்று. ஆகவே விதியறிவும் செல்வத்தோடு சேர்ந்தே ஓடிற்று. பணமுள்ளவனின் சட்டத்தரணிக்கு மாற்றம் முந்தித் தெரிந்தது. ஏழையின் சட்டத்தரணிக்கு அது தோல்வியின் பின்னரே தெரிந்தது.

இவ்வேளையில் கடல் கடந்த ஒரு முயற்சியை நினைத்தல் தகும். 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதியவர் என்று மட்டுமே நம்மவர் பலர் அறிந்த மாயூரம் வேதநாயகம்பிள்ளை, தமிழகத்தில் முன்சீபாகப் பணிபுரிந்தவர். சென்னைச் சதர் நீதிமன்றம் 1805 முதல் 1861 வரை வழங்கிய தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து 'சித்தாந்த சங்கிரகம்' என்ற நூலாக அவர் வெளியிட்டார். நீதிமன்றம் எவ்வாறு தீர்க்கின்றது என்பதை ஆங்கிலம் அறியாதவரும் அறியவேண்டும் என்பதே அதன் உட்பொருள். முதல் நாவலைத் தந்தவர் என்று அவரைப் போற்றும் தமிழுலகம், இம்முயற்சியைத் தொடர்ந்து வளர்க்கவில்லை. ஈழத்திலும் அதற்கு ஈடான தொடர்முயற்சி வேரூன்றவில்லை.

மொழியும் நாட்காட்டியும்

சுதந்திரத்தின் பின் நீதிமன்றத்தை மக்களுக்கு அண்மையாக்கும் வாய்ப்பு வந்தது. வந்த வாய்ப்பு ஒரு மொழியினருக்கு மட்டுமே உரியதாக்கப்பட்டது. 1961ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க நீதிமன்ற மொழிச் சட்டம், சிங்களத்தை நீதிமன்ற மொழியாக்க வழிசெய்தது. ஆங்கிலம் அறியாத சிங்கள உழவனுக்கு அது ஓரளவு நன்மை என்பதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் அதே நியாயம் தமிழ் உழவனுக்கும் உண்டு என்பதை அச்சட்டம் காணவில்லை. அவ்வாண்டில் யாழ்ப்பாணக் கச்சேரியின் முன் நிகழ்ந்த சத்தியாக்கிரகத்தின் பின்னணியில் இக்குறையும் இருந்தது.

அக்காலத்தில் நாட்காட்டியே மாறிய நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 1966 முதல் 1971 வரை ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாகப் போயா நாளே வாராந்த விடுமுறையாக இருந்தது. விடுமுறைகளை நீக்கி நாட்களை எண்ணவேண்டிய தொழிலில் இது எத்தகைய குழப்பம் என்பதை எளிதில் உணரலாம். சந்திரனைப் பார்த்துத் தவணை எண்ணும் காலம் ஐந்து ஆண்டுகள் நீடித்துப் பின் மறைந்தது.

நன்னோக்கோடு வந்த சீர்திருத்தமும் பொறியாகலாம் என்பதற்கு இணக்க சபைகள் சான்று. சிறு பிணக்குகளை ஊரிலேயே தீர்த்துவைக்க 1958ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தால் அவை அமைந்தன. சபை நிறுவப்பட்ட பகுதியில், குறித்த சில வழக்குகளைச் சபைத் தலைவரின் சான்றிதழின்றி நீதிமன்றம் ஏற்கலாகாது என்ற நிலை உருவாயிற்று. எப்பகுதியில் சபை உண்டு, எவ்வழக்குக்குச் சான்றிதழ் வேண்டும் என்பதை அறியாது தொடுத்த வழக்குகள், அதிகாரமின்மை என்னும் ஆட்சேபனைக்கு இரையாயின. மக்களைச் செலவிலிருந்து காக்க வந்த சட்டம், அறிவிப்புப் போதாமையால் அவர்களுக்கு மேலும் செலவை வைத்தது.

ஆறு ஆண்டுகளில் ஐந்து அதிர்ச்சிகள்

ஈழத்து நீதிமன்ற வரலாற்றில் 1974 முதல் 1979 வரையுள்ள காலம் போன்று விதிகள் புரண்ட காலம் பிறிதொன்றில்லை எனலாம். அதற்குச் சற்று முன்னரே, 1971ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தால், இலண்டன் கோமறைக் கழகத்துக்குச் சென்ற மேன்முறையீடு நிறுத்தப்பட்டு, இங்கேயே ஒரு மேன்முறையீட்டு நீதிமன்றம் அமைந்தது. அந்நிய முடியின் நிழலில் நீதி தேடும் அவலம் நீங்கியது நல்லதே. ஆனால் அம்மன்றம் மூன்று ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை.

1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டம் 1974 ஜனவரி 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. நீதி அமைச்சராக விளங்கிய பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்கா இதன் முதல்வர். பழைய நீதிமன்றக் கட்டளைச் சட்டமும் குற்றவியல் நடவடிக்கைக் கோவையும் அகன்றன. கோரிக்கை மன்றங்களும் கிராம நீதிமன்றங்களும் மறைந்தன. மேன்முறையீட்டு நீதிமன்றம் நீங்கி, உயர் நீதிமன்றம் ஒன்றே மேன்முறையீட்டு மன்றமாயிற்று. அப்புக்காத்து, பிரக்கிராசி என்னும் வேறுபாடு ஒழிந்து அனைவரும் சட்டத்தரணிகள் ஆயினர்.

தொழிலில் நிலவிய மேல் கீழ் என்னும் படிநிலையை உடைத்தது அச்சட்டத்தின் முற்போக்கான அம்சம். அதனை நாம் வரவேற்கவே செய்வோம். ஆனால் ஒரே இரவில் வாதிப்போர் நாட்களை எண்ணவும், நாட்களை எண்ணியோர் வாதிக்கவும் உரிமை பெற்றனர். உரிமை சட்டத்தால் வரும். பழக்கமும் அறிவும் சட்டத்தால் வாரா. அவற்றை ஊட்டுவதற்கு நாடளாவிய ஏற்பாடு தேவை என்பதைச் சீர்திருத்தம் பெரிதாக எண்ணவில்லை.

இரண்டாவது அதிர்ச்சி 1976 ஜனவரி 1ஆம் நாள் வந்தது. 1975ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், 1889ஆம் ஆண்டுக் குடியியல் கோவையை நீக்கிப் புதிய குடியியல் நடைமுறையைப் புகுத்தியது. எண்பத்தைந்து ஆண்டுகளாகக் கைப்பழக்கமாயிருந்த பிரிவு எண்கள் யாவும் பயனற்றுப்போயின. 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி சட்டங்கள் சிங்களத்தில் இயற்றப்பட்டன. தமிழ் மொழிபெயர்ப்பு இருத்தல் வேண்டும் என்ற ஏற்பாடும் இருந்தது. ஆனால் மொழிபெயர்ப்பு உண்டு என்னும் ஏற்பாடு வேறு. அது ஊர்காவற்றுறையிலும் முல்லைத்தீவிலும் உள்ள ஒரு சட்டத்தரணியின் மேசையை உரிய நாளில் அடைவது வேறு.

மூன்றாவது அதிர்ச்சியே மிகவும் நுட்பமானது. 1977ஆம் ஆண்டில் ஆட்சி மாறிற்று. டிசம்பரில் 19ஆம் இலக்கச் சட்டம் பழைய குடியியல் கோவைக்கு மீண்டும் உயிரளித்தது. இரண்டு ஆண்டுகளாகப் புதிய முறையோடு போராடியவர்கள், பழைய புத்தகத்தைத் தூசிதட்டி எடுத்தனர். ஆனால் மீண்டு வந்தது பழைய கோவை முழுவதும் அன்று. அதே ஆண்டின் 20ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் மேன்முறையீட்டு அத்தியாயத்தை மாற்றிவிட்டது. முன்பு 10 நாட்களில் மனு. இப்பொழுது 14 நாட்களில் மேன்முறையீட்டு அறிவித்தல், 60 நாட்களில் மேன்முறையீட்டு மனு. அறிவித்தலுக்குரிய 14 நாட்களில் ஞாயிறும் பகிரங்க விடுமுறையும் சேரா என்று வாசகம் கூறுகின்றது. மனுவுக்குரிய 60 நாட்களைப் பற்றிய வாசகத்தில் அத்தகைய விலக்கு இல்லை. ஒரே அத்தியாயத்தில் இரு வகையான எண்ணிக்கை! பழைய புத்தகத்தை நம்பியவர் ஒருவகையிலும், ஒரு கணக்கை மற்றதற்கும் பொருத்தியவர் இன்னொரு வகையிலும் பிழைபட நேரும். புத்தம் புதிய விதியைக் காட்டிலும் பழைய பெயரில் வரும் புதிய விதியே ஆபத்தானது. புதியதைக் கண்டால் மனிதன் விழித்துக்கொள்வான். பழகிய முகத்தைக் கண்டால் விழிப்பைக் கைவிடுவான்.

நான்காவதாக, 1978 செப்டெம்பர் 7ஆம் நாள் புதிய அரசியலமைப்பு வந்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் என்ற பெயர் மீண்டும் தோன்றியது. உயர் நீதிமன்றம் அதற்கு மேலே அமர்ந்தது. நிலுவையிலிருந்த மேன்முறையீடுகள் புதிய ஒழுங்குக்குள் மாற்றப்பட்டன. ஐந்தாவதாக, 1978ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டமும் 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையும் 1979 ஜூலை 2ஆம் நாள் நடைமுறைக்கு வந்தன.

1973ஆம் ஆண்டில் காணி வழக்கொன்றைத் தொடுத்த ஓர் உழவனை நினைத்துப் பாருங்கள். அவன் வழக்கு 1979 வரை நீடித்திருப்பின், ஒரே வழக்கில் பழைய கோவை, இடைக்காலச் சட்டம், உயிர்மீண்ட கோவை ஆகிய மூன்றின் ஆட்சியையும் அவன் கண்டிருப்பான். அவனுடைய காணியின் எல்லை ஒருநாளும் மாறவில்லை. அவனுடைய உறுதியில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மாறியவை யாவும் நீதிமன்ற வாசலில் மட்டுமே. அவ்வாசலில் தவறி விழுவோருக்குக் கைகொடுக்க எவரும் நியமிக்கப்படவில்லை.

போரின் நடுவே புதிய விதிகள்

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 136ஆம் உறுப்புரை, நீதிமன்ற நடைமுறைக்கு விதியாக்கும் அதிகாரத்தை உயர் நீதிமன்றத்துக்கு அளித்தது. விதிகள் வர்த்தமானியில் வெளியிடப்பட்டுப் பாராளுமன்றத்தின் முன் வைக்கப்படவேண்டும். சட்டத்தரணிகளுக்கும் மக்களுக்கும் அறிவித்தல் பற்றி அவ்வுறுப்புரை அதற்கு மேல் எதுவும் வேண்டவில்லை.

இவ்வதிகாரத்தின்கீழ் ஆக்கப்பட்ட 1990ஆம் ஆண்டு விதிகள் 1991இல் வர்த்தமானியில் வெளிவந்தன. அக்காலம் எத்தகையது? 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. யாழ்தேவி யாழ்ப்பாணம் செல்வது நின்றது. அவ்வாண்டு ஒக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் தம் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். மண்ணெண்ணெய்க்கும் மருந்துக்கும் வரிசையில் நின்ற மக்களிடையே தொழில்புரிந்த ஒரு சட்டத்தரணிக்கு, கொழும்பு வர்த்தமானி எந்நாளில் கைக்கெட்டியிருக்கும்? ஆனால் விதியோ நாடு முழுவதற்கும் ஒன்றே.

அவ்விதிகளின்படி, மேன்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பிலிருந்து உயர் நீதிமன்றத்துக்குச் செல்ல விசேட அனுமதி கோரும் மனு 42 நாட்களுக்குள் கொடுக்கப்படவேண்டும். எதிர்வாதிகளுக்குரிய அறிவித்தல்களும் மனுவோடு ஒப்படைக்கப்படவேண்டும். அறிவித்தல் ஒப்படைக்கப்படாமையால் மட்டும் தள்ளப்பட்ட மனுக்கள் உண்டு. 2006ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் மாகாண மேல் நீதிமன்றங்களுக்குக் குடியியல் மேன்முறையீட்டு அதிகாரத்தை அளித்தது. கொழும்புக்கு அலையாமல் மாகாணத்திலேயே மேன்முறையீடு செய்யலாம் என்பது ஏழைக்குப் பெரும் நன்மை. ஆனால் அங்கிருந்து உயர் நீதிமன்றத்துக்குச் செல்லும் அனுமதி மனுவுக்கு எத்தனை நாட்கள்? பதினாறு ஆண்டுகளுக்கு முந்திய விதிகள் பின்னால் வந்த இவ்வழியை அறிந்திருக்க முடியாது. அந்த 42 நாட்களே இதற்கும் பொருந்தும் என்பது உயர் நீதிமன்றத் தீர்ப்புகளால் நிலைபெற்றது. ஆகவே வர்த்தமானியைப் படித்தால் மட்டும் போதாது, தீர்ப்புகளையும் படிக்கவேண்டும். அத்தீர்ப்புகளைத் தாங்கிவந்த அறிக்கைகளோ ஆங்கிலத்தில்.

யார் கொடுக்கும் விலை?

நீதிமன்றங்கள் இக்கொடுமையை உணராமல் இல்லை. இன்றைய குடியியல் கோவையின் 759ஆம் பிரிவு, மேன்முறையாளரின் தவறோ குறைபாடோ எதிர்த்தரப்பினருக்குப் பொருண்மையான பாதகம் விளைக்காதாயின், நிவாரணம் அளிக்க இடந்தருகின்றது. 1990இல் கிரிவந்தே எதிர் நவரத்ன என்னும் வழக்கில் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ முக்கியமான ஒரு நிலைப்பாட்டை எடுத்தார். விதிக்கு அமைந்து நடத்தல் கட்டாயமே. ஆயினும் தவறியவுடன் தள்ளுபடி என்பது ஒன்றே முடிவாகாது. தவறுக்குத் தக்க விளக்கம் உண்டா, தாமதமின்றித் திருத்தப்பட்டதா என்பவற்றை ஆராய்ந்து நீதிமன்றம் தன் தற்றுணிபைப் பயன்படுத்தவேண்டும். மனிதநேயமும் ஒழுங்கும் இணைந்த கோட்பாடு இது.

ஆனால் இதற்கு எதிரே இன்னொரு கோட்பாடும் உறுதியாக நிற்கின்றது. சட்டத்தரணியின் தற்செயலான தவறு மன்னிக்கப்படலாம். அவரது கவனயீனமோ கட்சிக்காரரின் கவனயீனமாகவே கொள்ளப்படும். கட்சிக்காரரே அதன் விளைவை அனுபவிக்கவேண்டும். எதிர்த்தரப்பாரும் முடிவில்லாது காத்திருக்க முடியாது என்பது இதன் நியாயம். இந்நியாயத்தை நாம் முற்றாக மறுக்கவில்லை. எனினும், விதி மாறியதை அறியாதிருத்தல் தவறா, கவனயீனமா என்பதைத் தீர்மானிக்குமுன், அறிந்துகொள்ளும் வாய்ப்பு அனைவருக்கும் சமமாக இருந்ததா என்ற கேள்வி எழவேண்டும். நூலகம் உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒரே அளவுகோலை வைப்பது சமத்துவம் போலத் தோன்றும் சமமின்மை.

இதன் முழுக்கொடுமையையும் காட்டுவது அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒருவர் பிறருடைய காணியைப் பத்து ஆண்டுகள் இடையறாது எதிர்நிலையில் ஆண்டால் உரிமை பெறலாம். போரால் ஊரைவிட்டோடியவரின் காணியில் வேறொருவர் குடியேறிப் பத்து ஆண்டுகள் கழிந்தால் என்ன செய்வது? இந்த அநீதியைத் தடுக்க 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை போர்ச்சூழலால் நீதிமன்றத்தை நாட இயலாதிருந்தோருக்கு அக்காலம் கணக்கில் சேராது என்றது அது. ஆனால் சட்டம் நடைமுறைக்கு வந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுத்தல் வேண்டும். கதவு 2016 ஏப்பிரலில் திறந்தது. 2018 ஏப்பிரலில் மூடியது.

இருபத்தாறு ஆண்டு அலைச்சலுக்கு இரண்டு ஆண்டு வாசல். தமிழக முகாம்களில் இருந்தவர்கள், புத்தளத்தில் வாழ்ந்த வடபுல முஸ்லிம்கள், வன்னியில் கணவனை இழந்து தனித்துநின்ற பெண்கள் ஆகியோர் அனைவரின் செவிக்கும் அவ்விரண்டு ஆண்டுகளில் இச்செய்தி சேர்ந்திருக்க வேண்டும். அவர்கள் நாடும் ஒவ்வொரு சட்டத்தரணியும் அதனை அறிந்திருக்க வேண்டும். இங்கு விதியறிவு என்பது தொழில் நுணுக்கமன்று. பிறந்த மண்ணுக்குத் திரும்பும் வழி.

செய்யவேண்டியது யாது?

இவ்வரலாறு முழுவதிலும் ஒரே பாடம் தொடர்ந்து வருகின்றது. சீர்திருத்தம் செய்தோர் விதியை ஆக்குவதோடு தம் பணி முடிந்ததாகக் கருதினர். அறிவித்தலும் விதியாக்கத்தின் ஒரு பகுதி என்பதை அவர்கள் ஏற்கவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் உரிய நாளில் செய்ய இயலாத சட்டச் செயல்களுக்கு நிவாரணமளிக்க 2021ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் வந்தது. தடை அனைவரையும் ஒருங்கே தாக்கியபொழுது அரசு இரங்கிற்று. ஒரு மொழியினரையும் ஒரு வர்க்கத்தினரையும் மட்டும் நாள்தோறும் தாக்கும் தடைக்கு அத்தகைய இரக்கம் இன்னும் பிறக்கவில்லை.

புதிய விதி எதுவாயினும், சிங்களத்திலும் தமிழிலும் ஒரே நாளில் வெளிவராத வரை நடைமுறைக்கு வரலாகாது. வெளியீட்டுக்கும் நடைமுறைக்கும் இடையே போதிய கால இடைவெளி இருத்தல் வேண்டும். ஒவ்வொரு நீதிமன்றப் பதிவாளர் கந்தோரிலும், மாறிய விதியும் மாறிய நாட்கணக்கும் எளிய தமிழில் விளம்பரப் பலகையில் இடம்பெறவேண்டும். உயர் நீதிமன்றத்தின் நடைமுறைத் தீர்ப்புகளின் சுருக்கம் தமிழில் தொடர்ந்து வெளிவரவேண்டும். வேதநாயகம்பிள்ளை தனியொருவராகத் தொடங்கிய பணியை, 1974இல் தோன்றிய சட்டத்தரணிகள் சங்கமும் பல்கலைக்கழகங்களும் கூட்டாகச் செய்ய முடியாதென்பதை நாம் நம்பமாட்டோம்.

சட்டத்தரணிகளுக்கும் தமக்குரிய கடமை உண்டு. ஒவ்வொரு தவணையையும் ஒருவரின் நினைவில் விடாது நாட்குறிப்பில் எழுதி, இன்னொருவர் சரிபார்க்கும் ஒழுங்கு வேண்டும். மாவட்டந்தோறும் மூத்தோரும் இளையோரும் கூடி, அம்மாதம் மாறியது யாது, எவ்வகைத் தவறால் எம்மனு வீழ்ந்தது என்று ஒளிவுமறைவின்றிப் பேசவேண்டும். ஒருவர் தடுக்கிய கல்லை மற்றவருக்குக் காட்டாமல் மறைப்பது தொழில் இரகசியமாகாது. அக்கல்லில் அடுத்து விழப்போவது ஓர் ஏழையின் காணி.

கட்சிக்காரர்களாகிய மக்களும் கேட்கப் பழகவேண்டும். மேன்முறையீட்டுக்கு எத்தனை நாள், இன்று எத்தனையாவது நாள் என்று தம் சட்டத்தரணியைக் கேட்பது அவமரியாதையன்று, உரிமை. கேட்கும் மக்கள் இருக்குமிடத்தில் அறியாத சட்டத்தரணி நெடுங்காலம் இருக்கமாட்டார். அறிவிக்காத அரசும் நெடுங்காலம் இருக்க முடியாது. சட்டத்தை அறியாமை குற்றமென்று மக்களிடம் சொல்லும் அதிகாரம், அதை அவர்களுக்கு அறிவித்த அரசுக்கே உரியது.